நல்ல வார்த்தைக்குப் பலம் எங்கிருந்து வருகிறது?

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கிழமை நாட்களில் கொழுந்து பறிக்கிற மலை, ஞாயிற்றுக்கிழமை சபையில் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் என்று ஓடுகிறவர். கேள்வி சுருக்கமாக இது: "ஜீவனும் மரணமும் நாவுலதான் இருக்கு, நல்லதையே பேசுங்க, நல்லதே நடக்கும்னு சபையில சொல்றாங்க. மலைக்குப் போனா ஏச்சு. லயத்து வீட்டுக்கு வந்தா குடிச்சிட்டு வர்ற அப்பாவோட ஏச்சு. நான் ஒருத்தி அன்பாப் பேசி என்ன மாறப்போகுது? பிள்ளைங்ககிட்ட தன்மையாப் பேசினா தலைல ஏறிக்குவாங்கன்னு பெரியவங்க சொல்றாங்க. தம்பி சாதாரண தரப் பரீட்சையில கணக்குல தவறிட்டான். மூணு வாரமா யாரோடயும் பேச்சில்ல. அவன்கிட்ட என்னதான் சொல்றது?"

தங்கச்சி, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் நான் முதலில் பதில் சொல்லவேண்டும். மற்றக் கேள்விகள் ஒரு கிழமை பொறுக்கும். அது பொறுக்காது.

தம்பிக்கு இப்போதைக்கு வசனம் சொல்லாதீர்கள். "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்பதும் வேண்டாம், "அடுத்த முறை நிச்சயம் பாஸ்" என்பதும் வேண்டாம். கீழ் லயத்துப் பையன் எத்தனை ஏ எடுத்தான் என்ற கதை வேண்டவே வேண்டாம். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்து நீங்கள் மட்டும் வாசியுங்கள். எலியா வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். கர்மேல் மலையில் அத்தனை பேருக்கு முன்னால் நின்ற அதே மனிதன்தான். "தீர்க்கதரிசி இப்படிப் பேசலாமா" என்று பரலோகம் அவனைக் கேட்கவில்லை. தூதன் வந்து தொட்டு, எழுந்து சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டான், திரும்பப் படுத்தான். தூங்க விட்டு, இரண்டாம் தரமும் எழுப்பி, சாப்பிடு, நீ போகவேண்டிய தூரம் வெகுதூரம் என்றான். அதற்கும் நாற்பது நாள் கழித்துத்தான் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி வருகிறது. எலியா தன் மனக்குறையைக் கொட்டுகிறான். கேள்வி திரும்பவும் வருகிறது, அவனும் அதே குறையை அதே வார்த்தைகளில் திரும்பவும் சொல்கிறான். முன்னமே சொல்லிவிட்டாயே என்று கர்த்தர் அவனை நிறுத்தவில்லை. அவ்வளவும் கேட்ட பிறகுதான், நீ தனியாள் இல்லை, இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற செய்தி.

எனவே ரொட்டி சுட்டு, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அவன் பேசாவிட்டால் நீங்களும் பேசாமல் இருங்கள். பேசத் தொடங்கினால், ஒரே கதையை மூன்று தரம் சொன்னாலும் கேளுங்கள். பிறகு சொல்ல ஒரு வார்த்தை போதும்: "கணக்குலதான் தவறியிருக்க. இந்த வீட்டுல உன் இடம் அப்படியேதான் இருக்கு." அதோடு விடாமல், "திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போய் அதிபர் சேரைப் பார்ப்போம், நானும் வர்றேன்" என்றும் சொல்லுங்கள். திரும்பவும் எழுதலாம். தவறிய பிள்ளைகள் தொடரக்கூடிய தொழிற்பாடப் பிரிவு சில பாடசாலைகளில் இருக்கிறது. இதையெல்லாம் அவனைத் தனியாக விசாரித்துக்கொண்டு வரச் சொல்லாமல் கூடவே போங்கள்.

ஒன்று மிக முக்கியம். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்ற பேச்சு அவன் வாயில் எந்த விதத்தில் வந்தாலும் ஏசாதீர்கள், பாவம் என்று அடக்காதீர்கள், அவனைத் தனியே விடாதீர்கள். மரக்கறிப் பாத்திக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தால் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துப் பேசலாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆஸ்பத்திரிக்குப் போவதால் விசுவாசம் குறைந்துவிடாது. எலியாவுக்கும் முதலில் கிடைத்தது சாப்பாடும் தூக்கமும்தான்.

இனி அந்த வசனத்துக்கு வருகிறேன். "மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்." நீதிமொழிகள் 18:21. அந்த ஒரு வரியை மட்டும் பிடுங்கி எடுக்காமல் அதிகாரம் முழுவதையும் ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். ஐந்தாம் வசனம், வழக்கிலே நீதிமானைத் தோற்கடிக்கத் துன்மார்க்கனுக்கு முகம் பார்க்கக்கூடாது என்கிறது. பதின்மூன்றாம் வசனம், காரியத்தைக் கேட்குமுன் பதில் சொல்லுகிறவனைப் புத்தியில்லாதவன் என்கிறது. பதினேழில், வழக்கில் முதலில் பேசுகிறவன் நியாயக்காரன் போலத் தெரிவான், எதிராளி வந்து விசாரிக்கும் மட்டும். பதினெட்டில், வழக்கைத் தீர்க்கச் சீட்டுப் போடுவது. ஊர் வாசலில் பெரியவர்கள் உட்கார்ந்து நியாயம் கேட்கிற இடம் இந்த வரிகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவனுடைய உயிர் இன்னொருவனுடைய சாட்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் ராஜாவுக்கு எடுத்துக்கொடுக்க அவன் மனைவி யேசபேலுக்குத் தேவைப்பட்டது படையல்ல, பொய் சொல்ல இரண்டு பேர்தான். அவர்கள் பேசினார்கள், நாபோத் கல்லெறியுண்டு செத்தான்.

ஆகவே இந்த வசனத்தில் முதலில் நிற்பது என் எதிர்காலமல்ல, என் நாவால் உயிர் பிழைக்கவோ அழியவோ போகிற அடுத்த மனிதன். "நல்லதே பேசு, உனக்கு நல்லதே நடக்கும்" என்று சொல்லிக்கொடுக்கிறபோது நாம் வசனத்தை அடுத்தவரிடமிருந்து எடுத்து நம் பக்கம் திருப்பிக்கொள்கிறோம். அதனால் நம் மக்களுக்கு ஒரு பெரிய அநியாயமும் நடக்கிறது. கஷ்டம் தீராதவர்களைப் பார்த்து, நீ சரியாகப் பேசவில்லை, உன் விசுவாச அறிக்கையில் குறை என்று சொல்ல வழி பிறக்கிறது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாவுக்கு வந்தது, மக்கள் வருடக்கணக்காகக் கேட்டு, மறியல் செய்து, பேச்சுவார்த்தை முறிந்து, கடைசியில் சம்பளச் சபை வழியாக வர்த்தமானியில் வந்த பிறகுதான். யாரோ ஒருவர் மற்றவர்களுக்காக வாய் திறந்ததால் வந்தது என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். நாவின் அதிகாரம் என்று சாலொமோன் எழுதியதற்கு அது பக்கத்தில் நிற்கிறது.

உங்கள் நடுக்கேள்வி, நான் ஒருத்தி அன்பாகப் பேசி என்ன மாறும் என்பது. அதற்கு நான் எப்போதும் ரூத் புத்தகத்துக்குத்தான் போவேன். மலையகத்துச் சபைகள் அந்த இரண்டாம் அதிகாரத்தை மற்ற யாரையும்விட நன்றாக வாசிக்கக் கூடியவர்கள், ஏனென்றால் அதில் வருகிற இடம் நமக்குத் தெரிந்த இடம். வயலில் நிறை, அதாவது வரிசை, பிடித்து வேலை நடக்கிறது. மேலே ஒரு கண்காணி, நம் தோட்டத்துக் கங்காணி மாதிரி. நம் தமிழ் வேதாகமத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. நிலத்துக்குச் சொந்தக்காரரான போவாஸ் வருகிறார். வந்ததும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் பேச்சு வேலை எவ்வளவு முடிந்தது என்பதல்ல. "கர்த்தர் உங்களோடே இருப்பாராக" என்கிறார். அறுக்கிறவர்கள் "கர்த்தர் உம்மை ஆசீர்வதிப்பாராக" என்கிறார்கள். வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் விடியற்காலைக் குளிரில் நின்றவர்களுக்கு இந்த இரண்டு வரியின் அருமை தெரியும்.

அடுத்து போவாஸ், அங்கே கதிர் பொறுக்கிக்கொண்டிருந்த ரூத்தைப் பார்த்து, இந்தப் பெண்பிள்ளை யாருடையவள் என்று கேட்கிறார். கண்காணி சொல்கிற பதிலில் முதலில் வருவது அவளுடைய பெயரல்ல. மோவாபியப் பெண், மோவாப் தேசத்திலிருந்து வந்தவள் என்கிறான். எங்கிருந்து வந்தவள் என்பதுதான் அவளுக்கு அடையாளம். போவாஸ் நேராக அவளிடம் திரும்பி "மகளே" என்கிறார். இந்த ஒரு அழைப்பில் நான் நெடுநேரம் நின்றுவிடுவேன். ஏனென்றால் நம் மக்களும் வந்த இடத்தின் பெயரால்தான் அழைக்கப்பட்டார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே இலங்கையில் என்று பிரித்தார்கள். எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை கிடைக்க 2003இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. அந்த வருடங்களிலெல்லாம் கள்ளத்தோணி, தோட்டக்காட்டான் என்ற சொற்கள் சிங்களம் பேசுகிறவர்களிடமிருந்து மட்டும் வரவில்லை, தமிழ் பேசுகிறவர்களிடமிருந்தும் வந்தன. கிறிஸ்தவர்களும் இதில் சுத்தமானவர்களல்ல. 1854இல் தோட்டத் தொழிலாளர் மத்தியில் ஊழியம் செய்யத் தொடங்கிய மிஷனின் பெயரிலேயே கூலி என்ற சொல் இருந்தது. சுவிசேஷத்தைத் தமிழில் கொண்டுவந்தவர்கள், தோட்டம் தோட்டமாக நடந்தவர்கள், அவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள்தான். ஆனாலும் அந்தப் பெயர் அப்படி இருந்தது. பிற்காலத்தில் அதை மாற்றினார்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் நடந்த வழியே ஒரு நடைபயணம் போனது. அதன் பெயர் "மாண்புமிகு மலையக மக்கள்". அதில் கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்தவர்களும் நடந்தார்கள் என்பது எனக்குச் சந்தோஷம்.

ரூத்துக்குத் திரும்புகிறேன், இனித்தான் முக்கியமான இடம். போவாஸ் "மகளே" என்று சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. தாகமெடுத்தால் தண்ணீர்க்குடத்தில் குடி என்கிறார். வேலைக்காரர் யாரும் உன்னைத் தொடக்கூடாதென்று கட்டளையிட்டிருக்கிறேன் என்கிறார். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, வறுத்த கோதுமையைக் கொடுக்கிறார். அவள் எழுந்து போன பிறகு, அவள் காதுக்கு எட்டாத இடத்தில், வேலைக்காரரிடம் இரண்டு விஷயம் சொல்கிறார்: அவளுக்காகக் கொஞ்சம் கதிரைச் சிந்த விடுங்கள், "அவளை அதட்டாதிருங்கள்". ரூத் அவரிடம், நீர் எனக்கு ஆறுதல் சொல்லி என்னோடே பட்சமாய்ப் பேசினீரே என்று நெகிழ்ந்து சொன்னாளே, அது வெறும் இனிமையான பேச்சாக இருந்திருந்தால் அன்று மாலைக்குள் ஆவியாகியிருக்கும். அவளுக்கு முன்னால் சொன்னதை அவள் இல்லாத இடத்திலும் அவர் காப்பாற்றினார். நல்ல வார்த்தைக்குப் பலம் அங்கிருந்துதான் வருகிறது என்று நான் நம்புகிறேன். சொன்னவர் அதற்குப் பின்னால் நிற்கிறாரா என்பதுதான் கேள்வி.

யாக்கோபு இதையே மறுபக்கமாகச் சொல்கிறார். உடுக்கத் துணியில்லாத, அன்றன்றைக்கு ஆகாரமில்லாத சகோதரிக்கு ஒன்றும் கொடுக்காமல், சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று சொல்வதால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறார். அதுவும் கேட்க இனிமையான பேச்சுத்தான், ஆசீர்வாதம் மாதிரிக்கூட இருக்கும். "ஜெபிக்கிறோம் சிஸ்டர்" என்று சொல்லி வாசலோடு திரும்பிவிடுகிற பழக்கம் நம்மிடம் நிறைய இருப்பதால் அந்த வசனத்தை வாசிக்கிறபோதெல்லாம் எனக்குச் சுடுகிறது.

இப்போது உங்கள் மலைக்கு வாருங்கள். நீங்கள் நிலத்துக்காரி அல்ல, கங்காணியும் அல்ல. ஆனாலும் உங்கள் நிறையில் புதிதாக வந்த ஒரு பெண் இருப்பாள், கை இன்னும் ஓடாதவள். தோட்டத்துக்குத் தோட்டம் 16, 18 கிலோ என்று வைத்திருக்கிற அளவு எடுக்க முடியாமல் அரைநாள் சம்பளமான அரைப்பேரோடு போகிறவள். நிறுவையில் அவளுக்கு ஏச்சு விழும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்காமல் இருப்பது முதலாவது. அடுத்த நாள் பக்கத்து நிறையைப் பிடித்து, எந்தக் கொழுந்தை எடுப்பது, கொழுந்து மட்டம் பார்க்கிற மட்டக்கம்பை எப்படி வைப்பது என்று காட்டிக்கொடுங்கள். "நேத்தையவிட இன்னைக்கு ரெண்டு கிலோ கூட வந்திருக்கு அக்கா" என்று கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள். அவள் இல்லாத நேரத்தில் அவளைப் பற்றிப் பேச்சு வரும்போது, "அவங்க பழகிட்டு வர்றாங்க, விடுங்க" என்று ஒரு வார்த்தை. கங்காணி உங்கள் சபைக்காரராக இருந்தால் ரூத் இரண்டாம் அதிகாரத்தை அவரோடு சேர்ந்து வாசிக்க உங்கள் போதகரிடம் கேளுங்கள். வேலை வாங்குவது அவருடைய பொறுப்பு, அதில் குற்றமில்லை. அதட்டாமலும் வேலை வாங்கலாம் என்பதற்கு அந்த வயலே சாட்சி. அன்று மாலை ரூத் தட்டிப் பார்த்தபோது ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை இருந்தது.

அப்போஸ்தலருடைய நடபடிகளில் பர்னபாவும் இதே வகை மனிதர். முன்பு விசுவாசிகளைத் துன்பப்படுத்திய சவுலை எருசலேமில் யாரும் நம்பவில்லை, பயந்தார்கள். பயப்பட நியாயமும் இருந்தது. பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டு அப்போஸ்தலரிடம் போய், இவன் வழியில் கர்த்தரைக் கண்டான், தமஸ்குவில் தைரியமாய்ப் பேசினான் என்று எடுத்துச் சொன்னார். தன்னுடைய நல்ல பெயரை சவுலுக்குப் பிணையாக வைத்தார் என்றுதான் சொல்லவேண்டும். பிற்பாடு பெர்கேயில் பின்வாங்கிப் போன மாற்குவுக்காக அதே சவுலோடு, அப்போது பவுலோடு, கடுமையாக வாதாடிப் பிரிந்தும் போனார். ஊக்கம் கொடுக்கிறவர் எப்போதும் சாந்தமாய்ச் சிரித்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறவர்கள் அந்தப் பதினைந்தாம் அதிகாரத்தைப் பார்க்கட்டும். வருடங்கள் கழித்து, மரணம் கிட்டிவந்த நேரத்தில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன். நடுவில் என்ன நடந்தது என்று வேதம் விரித்துச் சொல்லவில்லை. பர்னபா அவனைக் கைவிடாமல் சீப்புருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார் என்பது மட்டும் இருக்கிறது.

ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் விஷயத்தில் நான் ஒரு தோட்டப் பாடசாலையில் நெடுங்காலம் படிப்பித்தவள் என்ற உரிமையோடு பேசுகிறேன். தன்மையாகப் பேசினால் தலையில் ஏறுவார்கள் என்ற பேச்சு பாதிதான் உண்மை. பிள்ளை தலையில் ஏறுவது நீங்கள் சொன்னதைச் செய்யாமல் விடும்போது. கத்துகிற ஆசிரியர் தலையிலும் ஏறுவார்கள், அவர் திரும்பி நிற்கும்போது. மெல்லிய குரலில் சொல்லி, சொன்னபடி நிற்கிறவரிடம் பிள்ளைகள் அடங்குவதை நான் வகுப்பு வகுப்பாகப் பார்த்திருக்கிறேன். பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது, பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்கிறார். திடனற்றுப்போவது என்றால் என்ன என்பதை நம் ஊரில் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. "தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று வீட்டிலும் வெளியிலும் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை கையைத் தூக்கிப் பதில் சொல்லவே தயங்கும். பதில் தெரியாததால் அல்ல.

ஆனால் "வெரி குட், வெரி குட்" என்று எல்லாருக்கும் அள்ளிக் கொடுப்பதையும் நான் ஊக்கம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு அது பொய் என்று இரண்டாம் கிழமையே தெரிந்துவிடும். வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆண்டவர் எபேசு சபைக்கு எழுதுகிற முறையைப் பாருங்கள். உன் கிரியைகளை, உன் பிரயாசத்தை, உன் பொறுமையை அறிந்திருக்கிறேன் என்று தொடங்குகிறார். அறிந்திருக்கிறேன் என்று சொல்லக்கூடியவருக்குத்தான் அடுத்த வரியில், ஆனாலும் உன்பேரில் எனக்குக் குறை உண்டு என்று சொல்லும் உரிமை இருக்கிறது. சார்திஸுக்கும் லவோதிக்கேயாவுக்கும் எழுதும்போது தொடக்கத்திலேயே கண்டிப்புத்தான், இல்லாத நன்மையை அவர் இட்டுக்கட்டவில்லை. எனவே ஒவ்வொரு பிள்ளையிலும் உண்மையிலேயே கண்ட ஒன்றைச் சொல்லுங்கள். "போன கிழமை நீ சின்னத் தங்கச்சிக்குக் கையைப் பிடிச்சி ஓடையைத் தாண்டவெச்சதைப் பார்த்தேன்" என்பது போல. திருத்தவேண்டியதைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் ஒரு பிள்ளையை வெட்கப்படுத்தினால் அந்தப் பிள்ளை அதை எத்தனை வருடம் சுமக்கும் என்று நமக்குத் தெரியாது.

அப்பாவைப் பற்றிச் சொல்வது கடினம். "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்" என்பது உண்மை, ஆனால் அது கோபத்துக்குச் சொன்ன மருந்து, போதைக்குச் சொன்னதல்ல. குடித்திருக்கும் நேரத்தில் எந்தப் பதிலும் வேண்டாம், மென்மையானதுகூட வேண்டாம். விடிந்த பிறகு, தலை தெளிந்திருக்கும்போது, குற்றப்பத்திரிகை வாசிக்காமல் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: "ராத்திரி நீங்க ஏசினதுல தம்பி சாப்பிடாமப் படுத்துட்டான் அப்பா." அவர் பகலில் செய்கிற ஒரு நல்ல காரியத்தை நீங்கள் கவனித்ததும் அவருக்குத் தெரியட்டும். கவ்வாத்து வெட்டியும் கான் வெட்டியும் தேய்ந்த கை அது. அவரிடமும் யாரும் பல வருடமாக நல்ல வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் ஏச்சு அடியாக மாறுகிற வீடாக இருந்தால் அன்பாகப் பேசிச் சகித்துக்கொள் என்று நான் சொல்லவே மாட்டேன், எந்தப் போதகரும் சொல்லக்கூடாது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், பெண்களுக்கான உதவி இலக்கம் 1938 இருக்கிறது. ஆண்டவர், தம்மைக் கன்னத்தில் அறைந்த சேவகனிடமே, நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால் ஒப்புவி, தகுதியாய்ப் பேசினேனேயாகில் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். சாந்தமான வாய் அநியாயத்தை அநியாயம் என்று சொல்லலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன், ஏனென்றால் நம் பகுதியில் அது அடிக்கடி வருகிறது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்ததை யாரும் மறக்கவில்லை. மழைக்காலம் வந்தாலே ஏதோ ஒரு மலையில் அந்தப் பயம் இருக்கிறது. அப்படிப்பட்ட இழவு வீட்டில், ஏன் நடந்தது என்று விளக்கம் சொல்ல விசுவாசிகளுக்கு ஒரு துடிப்பு வரும். பாவம், எச்சரிப்பு, கடைசிக்காலம் என்று. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, செத்தவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்று ஆண்டவரே சொல்லிவிட்டார். மனந்திரும்பச் சொன்னது உயிரோடு நின்றவர்களுக்கு. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்த பிறகுதான் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர் ஆனார்கள்.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் அடுத்த லயத்துக் கதை போவதைப் பற்றி ஒரே வரி: பெயர் சொல்லாமலும் ஜெபிக்கலாம், கர்த்தருக்கு ஆள் தெரியும்.

இனி உங்களுக்கு. எல்லாருக்கும் நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. உங்கள் கேள்வியில் எனக்கு அதுதான் முதலில் கேட்டது. தாவீது சவுல் ராஜாவுக்குப் பயந்து சீப் வனாந்தரத்துக் காட்டில் ஒளிந்திருந்தபோது யோனத்தான் தானாக எழுந்து அங்கே போய், தேவனுக்குள் அவன் கையைத் திடப்படுத்தினான். பயப்படாதே, என் தகப்பனுடைய கை உன்னைப் பிடிக்காது என்றான். யார் காட்டிக்கொடுப்பார்கள் என்று தெரியாத அந்த நேரத்தில், தேடுகிறவனுடைய சொந்த மகனே வந்து சொன்னது. தாவீது பெரிய விசுவாசிதான், சங்கீதக்காரன்தான், ஆனாலும் அவனுக்கு இன்னொருவருடைய வாயிலிருந்து அதைக் கேட்கவேண்டியிருந்தது. உங்களுக்கும் அப்படித்தான். சபையில் உங்களைவிட மூத்த ஒரு அக்காவோ, ஒரு ஆயியோ இருப்பார்கள், அதிகம் பேசாதவர்கள், பேசினால் வெளியே போகாது என்று தெரிந்தவர்கள். அவர்களிடம் போய் தம்பியைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள். "எனக்காக ஜெபிங்க" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், கிழமைக்கு ஒரு தரம் லயத்துப் பக்கம் வந்து என்னோடு உட்காருங்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். தம்பியோடு பாடசாலைக்குப் போகிற அன்றைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் இன்னும் நல்லது. அதிபரின் அறையில் மூன்று பேராக நிற்கும்போது தம்பிக்கும் தலை நிமிரும்.